பல் விழுந்து முளைக்கும் வயதில் கிளிப் தேவையா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் பல் சீரமைப்பு மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் காட்டுவது வேறு, சீக்கிரம் சிகிச்சை தொடங்குவது வேறு. காட்டுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும். சிகிச்சை சில பிள்ளைகளுக்கு மட்டும்தான் வேண்டும், ஆனால் அந்தச் சிலருக்குத் தள்ளிப்போடவே கூடாது.

எந்த வயதில் முதல் முறை காட்ட வேண்டும்?

ஏழு வயதில். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் சொல்லும் வயதும் இதுதான். ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்துவிடுகிறது. பல வீடுகளில் அதையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. ஆயுள் முழுவதற்குமான பல் அது.

ஏழு வயதில் கீழ் முன்பற்கள் மாறியிருக்கும், மேல் முன்பற்கள் மாறத் தொடங்கியிருக்கும். முன்னாலும் பின்னாலும் நிரந்தரப் பற்கள் வந்துவிடுவதால், இரண்டு தாடைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்கின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும். பத்து நிமிடப் பரிசோதனைதான். பெரும்பாலான பிள்ளைகளை "அடுத்த ஆண்டு அழைத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

பால் பல்லெல்லாம் விழுந்து முடியட்டும் என்று பாட்டி சொல்கிறாரே?

பாதிக்கு மேல் பாட்டி சொல்வது சரி. பற்கள் சற்று நெருக்கமாகவோ கோணலாகவோ முளைக்கின்றன, தாடைகள் மட்டும் ஒழுங்காகப் பொருந்துகின்றன என்றால், பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒரே தடவையாகக் கிளிப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். எட்டு வயதில் கம்பி கட்டி, பன்னிரண்டில் மறுபடியும் கட்டி, பிள்ளையை ஐந்தாறு ஆண்டுகள் நாற்காலியில் உட்காரவைப்பதில் எந்த நன்மையும் இல்லை.

தாடை எலும்பே கோணலாக வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே பல் விழுந்து முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எலும்பு வளர்ந்து முடிவதற்குள் கை வைக்க வேண்டும்.

அதை வீட்டில் நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பகல் வெளிச்சத்தில் வாசல் பக்கம் பிள்ளையை உட்காரவையுங்கள். எச்சிலை விழுங்கிவிட்டுப் பின்பற்கள் தொடும்படி கடிக்கச் சொல்லுங்கள். முன்பல்லால் கடித்துக் காட்டினால் கணக்கில்லை. இரண்டு கட்டைவிரல்களாலும் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

சம்புடத்தின் மூடி சம்புடத்தைச் சுற்றி வெளியே அமர்வது போல, மேல் பல் வரிசை கீழ் வரிசைக்குச் சற்று வெளியே சுற்றிலும் அமர்ந்திருக்க வேண்டும். எங்காவது, ஒரே ஒரு பல்லானாலும், மேல் பல் உள்ளே போய்க் கீழ்ப் பல் வெளியே நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி, முகவாயை மட்டும் கவனியுங்கள். நேராக வந்துகொண்டிருந்த முகவாய் கடைசி நொடியில் இடப்புறமோ வலப்புறமோ வழுகினால், அந்தப் பிள்ளையின் மேல் தாடை குறுகலாக இருக்க வாய்ப்புண்டு. உடனே காட்டுங்கள்.

அண்ணத்தில் திருகு வைத்து விரிக்கிறார்களாமே, எலும்பை உடைப்பதா அது?

உடைப்பதில்லை. மேல் அண்ணம் ஒரே எலும்பு அல்ல. இடமும் வலமுமாக இரண்டு பாதிகள் நடுவில் ஒரு தையல் கோட்டில் சந்திக்கின்றன. வளரும் வயதில் அந்தக் கோடு இளகலாக இருக்கும், வளர் இளம் பருவத்தின் முடிவில் இறுகிவிடும். இளகலாக இருக்கும்போது இரண்டு பாதிகளையும் மெல்ல விலக்கினால், இடைவெளியில் புது எலும்பு வளர்ந்து நிரப்பிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இதையே செய்ய வேண்டுமானால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோ எலும்பில் பொருத்தும் திருகாணிகளோ தேவைப்படும்.

எக்ஸ்பேண்டர் எனப்படும் கருவியைக் கடைவாய்ப்பற்களில் ஒட்டிவிடுகிறோம். நடுவில் ஒரு திருகு, அதில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் சாவியை விட்டு முன்னிருந்து பின்னாக ஒரு தடவை தள்ளினால் கால் மில்லிமீட்டர் விரியும். இதைத் தினமும் வீட்டில்தான் செய்ய வேண்டும். லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தந்தை, இரும்பை மயிரிழை பிசகாமல் சீவுகிறவர், மகளின் வாயில் முதல்முறை சாவியை விடும்போது கை நடுங்கி நின்றார். மகள்தான் "பரவாயில்லை அப்பா, திருப்புங்கள்" என்றாள். பத்தாம் நாள் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்துவிட்டதாம். அந்தச் சந்துதான் எங்களுக்கு நல்ல சேதி. எலும்பு விரிந்ததற்கு அடையாளம் அது. திருப்புவதை நிறுத்திய சில வாரங்களில் பற்கள் தாமாகவே நெருங்கிவிடும். கருவியை மட்டும் உடனே கழற்றக் கூடாது, புது எலும்பு இறுகும் வரை இன்னும் சில மாதங்கள் வாயிலேயே இருக்க வேண்டும்.

திருப்பியதும் மூக்கின் மேல் ஓர் அழுத்தமும் பற்களில் லேசான கூச்சமும் சில நிமிடங்கள் இருக்கும். இதற்குமேல் வலித்தால் திருப்புவதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

என் மகனுக்குக் கீழ்ப் பல் வரிசை முன்னால் நிற்கிறது. அவன் தாத்தாவுக்கும் அப்படித்தான். பரம்பரைக்கு மருந்து உண்டா?

என்னிடம் வரும் கேள்விகளில் நான் மிகவும் கவலையோடு பதில் சொல்வது இதற்குத்தான், ஏனென்றால் இதில் காலத்தைத் தவறவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.

ஒரே ஒரு மேல் முன்பல் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் அது சிறிய வேலை. கழற்றி மாட்டும் பிளேட் ஒன்றில் சின்ன ஸ்பிரிங் வைத்து, சில மாதங்களில் வெளியே தள்ளிவிடலாம். அப்படியே விட்டால் எதிரே உள்ள கீழ்ப் பல் தினமும் இடி வாங்கி, அதன் ஈறு கீழே இறங்கிவிடும்.

மேல் தாடையே பின்தங்கியிருந்தால் ஃபேஸ் மாஸ்க் போடுகிறோம். நெற்றியிலும் முகவாயிலும் பதியும் ஒரு சட்டம், மேல் பற்களில் ஒட்டிய கருவியின் கொக்கிகள், இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையங்கள். வளையங்கள் மேல் தாடையை முன்னால் இழுக்கின்றன. நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் போட வேண்டும். மாலை வீட்டுக்கு வந்ததும் மாட்டினால் காலை வரை கணக்கு வந்துவிடும், பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. பத்து வயதுக்குள் தொடங்குவது நல்லது, எட்டு வயது இன்னும் நல்லது.

பிரிட்டனில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஃபேஸ் மாஸ்க் கொடுத்து ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2016இல் வெளியாயின. சிகிச்சை பெறாத குழுவில் தாடை அறுவை சிகிச்சை தேவை என்று நிபுணர்கள் கருதியது 66 விழுக்காட்டினருக்கு. சிகிச்சை பெற்ற குழுவில் 36 விழுக்காட்டினருக்கு. தாத்தாவின் தாடையை முழுமையாக வெல்ல முடியாது என்பதும் அந்த 36இல் இருக்கிறது. அதனால்தான் சிகிச்சை முடிந்த பிள்ளைகளையும் வளர்ச்சி நிற்கும் வரை ஆண்டுக்கொரு முறை வரச்சொல்கிறேன்.

எத்துப்பல்லுக்கு எட்டு வயதிலேயே கிளிப் போடச் சொன்னார்கள். போடலாமா?

இதில் அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து, இரண்டு விலக்குகளோடு.

அமெரிக்காவில் வடக்கு கரோலினாவிலும் ஃபுளோரிடாவிலும், பிறகு பிரிட்டனிலும், எத்துப்பல் உள்ள பிள்ளைகளில் ஒரு குழுவுக்குச் சிறு வயதில் ஒரு சிகிச்சையும் பதின்வயதில் மறு சிகிச்சையும், இன்னொரு குழுவுக்குப் பதின்வயதில் மட்டும் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு குழுவினரின் பல் வரிசையும் தாடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு ஒரு நன்மை மட்டும் மிஞ்சியது. விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது அவர்களில் குறைவு.

ஆகவே, உதடு மூடாத அளவுக்குப் பல் துருத்திக்கொண்டிருக்கிறது, பிள்ளை ஓடியாடி விளையாடுகிறவன் என்றால் சீக்கிரமே செய்யலாம். பள்ளியில் கேலி தாங்காமல் வாயைப் பொத்திச் சிரிக்கும் பிள்ளைக்கும் செய்யலாம். எட்டு வயதில் கையால் வாயை மறைக்கப் பழகிவிட்ட பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் என்பது நீண்ட காலம். மற்றவர்கள் வளர்ச்சி வேகமெடுக்கும் வயது வரை காத்திருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பத்திலிருந்து பன்னிரண்டு, ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு இரண்டு ஆண்டு பின்.

அப்போது பெரும்பாலும் ட்வின் பிளாக் என்ற கருவியைத் தருகிறோம். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கியது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளேட்டுகள், இரண்டிலும் சரிவான மேடைகள். கீழ்த் தாடையை முன்னால் கொண்டுவந்தால்தான் வாயை மூட முடியும். தாடை இதனால் மிக நீளமாக வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். கிடைக்கும் மாற்றத்தில் பெரும்பகுதி பற்கள் நகர்வதால் வருவது, சிறுபகுதிதான் எலும்பால் வருவது.

இடையில் அடிபட்டு நிரந்தர முன்பல் முழுதாகக் கழன்று விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். வைக்க முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். விழுந்தது பால் பல்லானால் திரும்ப வைக்கக் கூடாது.

முன்பற்கள் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் சந்தோடு முளைத்திருக்கின்றனவே?

எட்டு, ஒன்பது வயதில் இது இயல்பு. மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் அப்படி விரிகின்றன. கோரைப்பல் இறங்கியதும், இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். இந்த வயதில் ரப்பர் வளையம் மாட்டிச் சந்தை மூட யாரும் முயல வேண்டாம். வளையம் ஈறுக்குள் வழுகிப் போய்ப் பல்லையே இழக்க நேரும்.

கோரைப்பல் மேலே ஏறி முளைப்பது அதிர்ஷ்டம் என்கிறார்களே?

தெற்றுப்பல்லை அழகு என்று ரசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மேல் கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில், முன்னும் பின்னும் மற்றவர்கள் உட்கார்ந்த பிறகு கடைசியாக வருகிறது. இடம் இல்லாமல் மேலேயே நின்றுவிடுகிறது. நான் பயப்படுவது கண்ணுக்கே தெரியாமல் அண்ணத்தின் பக்கம் திரும்பிவிடும் கோரைப்பல்லுக்குத்தான். அது பக்கத்துப் பல்லின் வேரைச் சத்தமில்லாமல் கரைத்துவிடக்கூடும்.

பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறின் மேற்புறம் விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி போல ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஸ்வீடனில் எரிக்சன், குரோல் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் திசைமாறிய 46 கோரைப்பற்களுக்குக் கீழே இருந்த பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கினார்கள். பிள்ளைகளின் வயது பத்திலிருந்து பதின்மூன்று. 36 பற்கள் தாமாகவே நல்வழிக்குத் திரும்பின. ஒரு பால் பல்லைப் பிடுங்கும் ஐந்து நிமிட வேலை, பின்னால் அண்ணத்தைக் கீறிப் பல்லைச் சங்கிலி கட்டி இழுக்கும் பாட்டை மிச்சப்படுத்துகிறது.

சொத்தையான பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டோம். அந்த இடத்தில் எதற்குக் கம்பி வைக்கச் சொல்கிறார்கள்?

நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க. பால் பல் போனதும் பின்னால் இருக்கும் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னால் சரிந்து வந்து அந்த இடத்தை அடைத்துவிடும். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற சின்னக் கம்பி வளையம் அதைத் தடுக்கிறது. கிளிப்போடு ஒப்பிட்டால் செலவு சொற்பம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கீழே உள்ள பால் கடைவாய்ப்பற்கள் தமக்குப் பின் வரும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை. அவை விழும்போது ஒவ்வொரு பக்கமும் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். அந்த இடம் வீணாகாமல் உட்புறம் ஒரு கம்பி வைத்துக் காத்தால், முன்பற்களின் லேசான நெருக்கம் அதிலேயே தீர்ந்துவிடும். பல்லைப் பிடுங்காமல் தப்பித்த பிள்ளைகள் என்னிடம் பலர் உண்டு.

விரல் சூப்பும் பழக்கத்தை எப்போது நிறுத்த வேண்டும்?

மூன்று, நான்கு வயது வரை கவலைப்பட வேண்டாம். ஆறு வயதில் நிரந்தர முன்பற்கள் வருவதற்குள் நின்றுவிட வேண்டும். வேப்பெண்ணெய் தடவுவதில் நிற்கும் பிள்ளைகளும் உண்டு, போர்வைக்குள் ஒளிந்துகொண்டு சூப்பும் பிள்ளைகளும் உண்டு. அடிப்பதும் உறவினர் முன்னால் சொல்லிக் காட்டுவதும் பழக்கத்தை ஆழமாக்கும்.

ஒரு பாட்டி செய்ததை எல்லோருக்கும் சொல்கிறேன். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைப் பேத்தியிடமே கொடுத்தார். இரவு விரல் வாய்க்குப் போகாத நாளின் தாள் மட்டும் அவள் டப்பாவில் சேரும். முப்பது தாள் சேர்ந்ததும் பாவாடை சட்டை. நாற்பத்தெட்டாம் நாள் என்னிடம் டப்பாவைத் திறந்து காட்டினாள். முன்பற்களுக்கு நடுவில் நாக்கு நுழையும் அளவுக்கு இருந்த திறப்பு அடுத்த சில மாதங்களில் கருவி எதுவும் இல்லாமலேயே பெருமளவு மூடியது. பிள்ளை தானே நிறுத்த விரும்பி முடியாமல் தவித்தால் மட்டும், விரல் வாய்க்குப் போவதை நினைவூட்டும் கம்பியை வாயில் வைக்கலாம்.

வாயால் மூச்சு விடுகிறான், குறட்டையும் விடுகிறான்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம், ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் பல்லில் கை வைப்பது சரியல்ல.

பல்லை நேராக்கும் என்று இணையத்தில் விற்கும் ரப்பர் டிரெயினர்களை நாமே வாங்கிப் போடலாமா?

வேண்டாம். தாடையை அளந்து பார்க்காமல் போடும் கருவியால் எந்தப் பல் எங்கே நகரும் என்று சொல்ல முடியாது.

பிளேட் போட்டால் பேச முடியுமா, சாப்பிட முடியுமா?

முதல் வாரம் ச, த, ட எல்லாம் குழறும், எச்சில் ஊறும். "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" என்று தினமும் பத்துத் தடவை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே பழகிவிடும். ஒட்டிய கம்பி உள்ளவர்கள் கடலை மிட்டாய், முறுக்கு, கடித்துத் தின்னும் கரும்பு மூன்றையும் தள்ளிவைக்க வேண்டும். கழற்றும் பிளேட்டை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். வெளியே போகும்போது பிளேட்டுக்கென்று டப்பா கொடுத்து அனுப்புங்கள். கல்யாணப் பந்தியில் கழற்றி இலையோரம் வைத்து, இலையோடு சேர்த்து மடித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் புதிதாகச் செய்து கொடுக்கிறேன்.

சிறு வயதில் செய்துவிட்டால் பிறகு கிளிப் வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டியிருக்கும். முதல் சிகிச்சை தாடைக்கு, பின்னது பல் வரிசைக்கு. இதை முதல் நாளே உங்களிடம் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. நீங்களும் ஒன்றைக் கேளுங்கள்: "இப்போது செய்யாமல் பன்னிரண்டு வயது வரை காத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்?" பதில் தெளிவாக வந்தால் தொடங்குங்கள். மழுப்பலாக வந்தால், பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் படிப்பை முடித்த இன்னொருவரிடம் காட்டுங்கள். செலவு பெரிதாகத் தெரிந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பார்ப்பார்கள். நேரம் அதிகமாகும், அக்கறைக்குக் குறைவிருக்காது.

என் மகளுக்குப் பதினான்கு வயதாகிவிட்டது. இது தெரியாமல் போயிற்றே, காலம் கடந்துவிட்டதா?

நெருக்கமான பல், எத்துப்பல் என்றால் கடக்கவில்லை, இப்போதும் சரிசெய்யலாம். கீழ்த் தாடை முன்னால் வளரும் குறை என்றால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஃபேஸ் மாஸ்க்குக்கான காலம் போய்விட்டது. இனி வளர்ச்சி நிற்கும் வரை பொறுத்திருந்து, கிளிப் மட்டும் போதுமா, தாடை அறுவை சிகிச்சையும் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். யாரும் சொல்லாததைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இதே கேள்வியை ஒரு தாய் என் அறையில் அழுதுகொண்டே கேட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினெட்டு. ஆண்டுக்கொரு முறை பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, தாடையின் கோட்டை மெல்லிய தாளில் வரைந்து, பழைய தாளின் மேல் வைத்துப் பார்ப்போம். மூன்று ஆண்டுகள் புதுக் கோடு பழைய கோட்டைத் தாண்டியே நின்றது. சென்ற மாதம் அவளே தாளைப் பிடித்து விளக்குப் பெட்டியின் மேல் வைத்தாள். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே தெரிந்தன. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போகிறோம்.